மரியாதைக் கொப்பியின் ஏழாம் பக்கம்

என்னை இங்கே பேச அழைத்த உங்கள் கடிதத்தில் என்னை "நல்லொழுக்கக் கல்வியில் நீண்ட அனுபவம் உள்ளவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீளத்தில் சந்தேகமில்லை. தென் லண்டனில் ஒரே பாடசாலையில் இருபத்தாறு வருடம் சமய பாடம் படிப்பித்தேன். ஆனால் நல்லொழுக்கத்தைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரேயொரு கிழமையில்தான். அதுவும் நான் விட்ட ஒரு பிழையால்.

உங்களில் சிலரை ஹரோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளாகக் கண்டிருக்கிறேன். "எப்ப அன்ரி பிரேக்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்ட ஆட்கள், இப்போது ரெஜிஸ்டரும் கையுமாக வகுப்புக்குள் போகப் போகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. பாடத்திட்டம் எழுதுவது எப்படி, பரிசோதகர் வந்தால் சுவரில் எதை ஒட்டுவது என்பதையெல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள். எனக்கு அதெல்லாம் மறந்துபோய்விட்டது. அந்தக் கிழமை மட்டும் மறக்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. பிற்காலத்தைப்போல எங்கள் பாடசாலையில் முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் படித்த காலம் அல்ல அது. பக்கத்து நோர்பரியில் தமிழ்க்கடை ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும். ஆசிரியர் அறையில் நான் ஒருத்திதான் தமிழ். அதனால் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்திருந்தது: கிழக்கு முழுவதும் என் பொறுப்பு. இந்து சமயம் படிப்பித்தேன், சரி. பிறகு பௌத்தம், பிறகு சீக்கியம். எங்கள் ஊர்ப் பருத்தித்துறைக்குக் கிழக்கே கடல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் சீனாவையும் தந்தார்கள்.

தந்தவர் துணை அதிபர். உயரமான மனிதர். காற்சட்டை மடிப்புக் கலைந்து நான் கண்டதில்லை. சட்டம் என்றால் சட்டம்தான், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளின் ஒழுக்கம் அவர் பொறுப்பில் இருந்தது. ஹொங்கொங்கிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த சீனப் பிள்ளைகள் சிலர் அப்போது எங்களிடம் சேர்ந்திருந்தார்கள். கன்பூசியஸின் சிந்தனையை ஒரு பாடமாக வைத்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும், மற்றப் பிள்ளைகளும் பெரியவர்களுக்கு எதிர்வாய் பேசுவதைக் குறைப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். "பெற்றோரை மதிப்பது, ஆசிரியரை மதிப்பது. உங்களுக்கு இது சுலபமாக வருமே" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நூல்நிலையத்தில் இரண்டு புத்தகம் எடுத்து இரண்டு கிழமை படித்தேன். படிக்கப் படிக்கப் பெருமை தாங்கவில்லை. தகப்பனுக்கு முன்னால் காலுக்கு மேல் கால் போட்டு இருக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். இதைச் சொல்லித்தர ஒரு சீனர் எதற்கு, இது எங்கள் வீட்டுச் சாமான்தானே என்று நினைத்தேன். எது எனக்குத் தெரிந்ததுபோல இருந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். இது எனக்கு அப்போது தெரியாது.

பாடத்தோடு ஒரு வீட்டுவேலையும் வைத்தேன். மெல்லிய நீலக் கொப்பி, ஆளுக்கு ஒன்று. ஏழு நாள், ஏழு பக்கம். ஒவ்வொரு நாளும் ஒரு பெரியவருக்குச் செய்த மரியாதையை எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு கோடு. அந்தப் பெரியவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பு இதற்கு மரியாதைக் கொப்பி என்று பெயர் வைத்துவிட்டது. துணை அதிபருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போய், அதிபரிடமே கொண்டுபோய்க் காட்டினார்.

இனி வதனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இடைநிலைப் பாடசாலையின் மூன்றாம் ஆண்டு வகுப்பு, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள். நான்தான் அவர்களுக்கு வகுப்பாசிரியை. காலையில் வரவு எடுப்பதும் நான், சமய பாடம் படிப்பிப்பதும் நான். வதனி யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பனோடு வந்து முந்திய வருடம் சேர்ந்தவள். தாயும் தங்கச்சியும் இன்னும் ஊரில். மெலிந்த பிள்ளை, பின்னல் மட்டும் இடுப்புவரை. ஆங்கிலத்தைப் பசியோடு பிடித்துக்கொண்டாள். முதல் கிழமை வகுப்பில் கையை உயர்த்தி, என்னைப் பார்த்து, "அன்ரி!" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். மூக்குச் சிவக்க, "இங்கே நான் உனக்கு அன்ரி இல்லை, மிஸ்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவளோடு ஒரு தமிழ்ச் சொல் நான் பேசியது கிடையாது. ஒருமுறை ஆசிரியர் அறையில் ஏதோ பேச்சில், "அது உங்கள் ஆட்களின் பிள்ளையல்லவா" என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது முள்ளாகத் தைத்திருந்தது. என் ஆள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, முப்பது பிள்ளைகளில் அவளிடம் மட்டும் ஒரு படி கூடுதலாகக் கண்டிப்பாக இருந்தேன். அதற்கு நீதி என்று பெயரும் வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து உட்காரும்போது உங்களுக்கும் காய்ச்சல்போல இந்த வருத்தம் பிடிக்கும்.

கொப்பிகள் கொடுத்த அதே கிழமையில் வகுப்பில் ஆட்டுக் கதையை விவாதத்துக்கு விட்டேன். கன்பூசியஸிடம் ஒருவர் பெருமையாகச் சொன்னாராம், எங்கள் ஊரில் ஒருவன் எவ்வளவு நேர்மையானவன் தெரியுமா, தகப்பன் ஆடு திருடியதை அவனே சாட்சி சொன்னான் என்று. கன்பூசியஸ் அதை மெச்சவில்லை. தகப்பன் மகனை மறைப்பான், மகன் தகப்பனை மறைப்பான், எங்கள் பக்கத்து நேர்மை அதற்குள்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. திருட்டுத் திருட்டுத்தான் என்று ஒரு பக்கம், அப்பாவைக் காட்டிக்கொடுப்பதா என்று மற்றப் பக்கம். மணி அடிக்கப் போகிற நேரத்தில் வதனி கையை உயர்த்தினாள்.

"மிஸ், அந்த மகன் தானாகப் போய்ச் சொன்னானா, இல்லை அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?"

நல்ல கேள்வி. மணி அடித்தது, அடுத்த பாடத்தில் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கொப்பிகள் வந்தன. வீட்டில் மேசையில் பரப்பி வைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பெரியப்பாவின் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்ததாக ஒருவன் ஏழு பக்கமும் எழுதியிருந்தான். பெரியப்பா ஒவ்வொரு நாளும் நன்றியோடு கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு வதனியின் கொப்பி. "அப்பாவுக்குத் தேநீர் போட்டேன்." "அப்பா இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். எழும்பும்வரை சத்தம் போடவில்லை." "அப்பாவுக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னேன்." ஆறு பக்கம் எழுதியிருந்தாள், ஏழாவது வெறுமையாக இருந்தது. "ஏழாம் பக்கம் எங்கே?" என்று சிவப்பில் எழுதினேன். எழுதும்போதுதான் அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தகப்பனின் பெயர். அதன் கடைசி எழுத்தின் வால் சுருண்ட விதம், மேலே வதனி எழுதியிருந்த எழுத்துகளின் வால் சுருண்ட அதே விதம்.

மறுநாள் காலை வெள்ளனப் போய் வகுப்புக் கோவையைத் திறந்தேன். பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் பெற்றோர் ஒரு துண்டு எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தவணையில் வதனிக்கு ஐந்து துண்டுகள் இருந்தன. ஐந்திலும் காய்ச்சல். ஐந்திலும் அதே வால்.

வரவு எடுக்கக்கூட இன்னும் மணி அடிக்கவில்லை. கொப்பியையும் ஐந்து துண்டுகளையும் கொண்டுபோய்த் துணை அதிபரின் மேசையில் வைத்தேன். பெற்றோரின் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டால் சில நாட்கள் பாடசாலையை விட்டு நிறுத்துவது எங்கள் சட்டம். அது எனக்குத் தெரியும். "உங்களுக்கு இது சங்கடமாக இருந்திருக்கும்" என்று அவர் சொன்னார். எனக்குச் சங்கடமாக இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்கு ரீச்சரிடம் சொன்னேன். பினாங்கில் பிறந்த சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தமிழரிடமிருந்து ஒரேயொரு தமிழ் வசனம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும், "சாப்பிட்டாச்சா?" என்பார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மற்றதெல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில்தான். அன்றைக்கும் "சாப்பிட்டாச்சா?" என்றார். நான் இருந்து கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"அந்தப் பிள்ளையிடம் கேட்டாயா?" என்றார்.

"இல்லை."

"ஒரு வார்த்தைகூட?"

"இல்லை."

அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "எங்கள் அப்பா பழைய ஆள். இந்தக் கன்பூசியஸை மனப்பாடமாக வைத்திருந்தவர். நாங்கள் பிழை செய்தால் எங்களுக்கு அதைச் சொல்லி அடித்தது கிடையாது. பேசாமல் கதிரையில் இருந்துவிடுவார். பிள்ளை இப்படிச் செய்ததென்றால் நான் தகப்பனாக எங்கே தவறினேன் என்று அவர் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அது எங்களுக்கு அடியைவிடப் பொல்லாதது. நீ வகுப்பில் பிள்ளைகளின் பாதியை மட்டும் படிப்பிக்கிறாய். பெரியவர்களின் பாதி எங்கே?"

எனக்கு மூக்குச் சிவந்தது. "கள்ளக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்கிறீர்களா?"

"இல்லை. கேட்டிருக்கலாம் என்கிறேன்" என்றார். பிறகு சிரிக்காமலே சொன்னார்: "உன்னுடைய ஆட்டுக் கதையில் அந்த மகன் யார் என்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது."

அவனாகப் போய்ச் சொன்னானா, கூப்பிட்டுக் கேட்டார்களா? யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். அன்று பின்னேரம் முழுவதும் கணக்கு ரீச்சரோடு பேசாமல் இருந்தேன். புதன்கிழமையாவது வதனியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. முதலில் கோபம், பிறகு வெட்கம். வெட்கம் வந்துவிட்டால் கால் நகராது.

தகப்பனை வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிருந்தது. ஆங்கிலத்தில்தான். அதையும் அவருக்கு வாசித்துச் சொன்னது வதனியாகத்தான் இருந்திருக்கும். "மொழிபெயர்க்க நீங்கள் இருக்கிறீர்கள், நல்லதாய்ப் போயிற்று" என்றார் துணை அதிபர்.

வந்தார். நாற்பது வயதிருக்கும். பேக்கரியில் இரவு வேலை. கண் இரண்டும் சிவந்திருந்தன. யாருடையதோ ஒரு பெரிய ஓவர்கோட்டுக்குள் இஸ்திரி போட்ட சேட்டும் கழுத்தில் ரையும். வதனி பக்கத்தில் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் அந்த மனிதரின் முகம் விரிந்தது, இரண்டு கையையும் கூப்பினார்.

"ரீச்சர் எங்கட ஆளோ? அப்பாடா. என்னத்தைக் கேக்கப் போறாங்களோ எண்டு வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தனான். இனிப் பயமில்லை."

பிள்ளைகளே, இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு தகப்பன் ஒருமுறை கதவை உதைத்துவிட்டும் போயிருக்கிறார். ஒன்றும் இந்த மனிதரின் நிம்மதியைப் போல என்னைச் சுடவில்லை. முறைப்பாடு கொடுத்தவளைப் பார்த்து அவர் கும்பிடுகிறார்.

துணை அதிபர் இரண்டு பேரையும் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, கொப்பியையும் ஐந்து துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். "இந்தக் கையெழுத்துகளை அவர் போட்டாரா என்று கேளுங்கள்."

கேட்டேன். தகப்பன் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, "ஓம் ரீச்சர். எல்லாம் நான் போட்டதுதான்" என்றார்.

சொன்னதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னேன். நான் முடிக்குமுன் வதனி ஆங்கிலத்தில் குறுக்கிட்டாள். "இல்லை சேர். நான்தான் போட்டேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. என்னை நிறுத்துங்கள், அப்பாவிடம் ஒன்றும் கேட்கவேண்டாம்."

"பிள்ளை என்ன சொல்லுறாள்?" என்று தகப்பன் என்னிடம் கேட்டார். அதையும் உள்ளபடி சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தகப்பன் மகளை மறைக்கிறார், மகள் தகப்பனை மறைக்கிறாள். போன கிழமை கரும்பலகையில் எழுதி முப்பது பிள்ளைகளைக் கத்தவிட்ட விசயம், இப்போது இரண்டு கதிரையில் என் முன்னால் இருக்கிறது. நடுவில் நான்.

துணை அதிபர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தகப்பனின் முன்னால் வைத்து அதன்மேல் பேனாவை வைத்தார். "இதில் ஒருமுறை கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்."

அவர் கேட்டதில் பிழை இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அந்தத் தகப்பனுக்கு நான் மொழிபெயர்க்கவும் தேவையிருக்கவில்லை. பேனாவைக் கண்டதுமே அவருடைய கைகள் மேசைக்குக் கீழே போய்விட்டன. வதனி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். இன்னும் அரை நிமிடத்தில் மகளின் கண் முன்னால் அவளுடைய அப்பா பொய்யர் என்று தாளில் எழுதிக் காட்டப்படும். அதை அவருக்குத் தமிழில் சொல்லிச் செய்விக்கப் போகிறவள் நான்.

மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு துண்டின் மூலையிலும் இரண்டு ஆங்கில எழுத்துகள். வராத பிள்ளையின் துண்டை வகுப்பாசிரியை வாசித்து, விசாரித்து, சரி பார்த்ததற்கு அடையாளமாகப் போடும் சுருக்கொப்பம். என்னுடையது. ஐந்திலும் இருந்தது.

"சேர், இதை நான் இப்போது மொழிபெயர்க்க மாட்டேன்" என்றேன். "இரண்டு பேரும் இதுவரை சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இனி ஒரு நிமிடம் நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அந்தத் துண்டுகளின் மூலையைப் பாருங்கள். விசாரித்தேன் என்று நான் ஐந்து தரம் ஒப்பமிட்டிருக்கிறேன். ஒருமுறையும் விசாரிக்கவில்லை. ஐந்து தரம் காய்ச்சல் வந்த பிள்ளையிடம் இப்போது எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பொய்க் கையெழுத்தைப் பற்றிப் பேசுவதென்றால் என்னுடையதிலிருந்து தொடங்குங்கள்."

அவர் துண்டுகளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொன்று. இந்த வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய கடிதங்களை வாசிக்கக்கூடியவர் இந்தப் பிள்ளை ஒருத்திதான். வீட்டுக்குப் பெரியவராக அவளை ஆக்கிவிட்டு, பெரியவர் மாதிரி கையெழுத்துப் போட்டதற்கு அவளை நிறுத்தப் பார்க்கிறோம். தமிழ் தெரிந்த நான் இதே கட்டடத்தில் இருக்கிறேன். ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாம்."

பிறகு தகப்பனின் பக்கம் திரும்பினேன். அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறையாக, மொழிபெயர்ப்பாக இல்லாமல், என் சொந்தத் தமிழில் பேசினேன்.

"அண்ணை, என்னைக் கும்பிடாதேங்கோ. இந்த முறைப்பாட்டைக் குடுத்தது நான்தான். பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கேக்காமல் குடுத்திட்டன்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"பிள்ளையில பிழையில்லை ரீச்சர்" என்றார். "நான் சொல்லித்தான் போட்டவள். எனக்கு இங்கிலிஷ் ஏலாது. லோயரிட்டப் போறதெண்டால் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போறனான். அவள் வராட்டி நான் அங்க ஊமைதான். காய்ச்சல் எண்டு எழுதச் சொன்னதும் நான்தான். எங்கட அகதிக் கேஸ் விசயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவந்து, அது அங்க இங்க போய், தாய்க்கும் சின்னவளுக்கும் விசா இல்லாமல் போயிடும் எண்டு பயம்." ஓவர்கோட்டின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். "அவளின்ர கையால எழுதினாலும் அது என்ர கையெழுத்துத்தான்."

"இதைச் சேரிட்டச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். வதனியும் அவரைப் பார்த்தாள். அவர் யோசித்தார். பிறகு, "சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அந்த வழக்குக்கும் பாடசாலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை, இங்கிருந்து ஒரு காகிதமும் எங்கும் போகாது என்று துணை அதிபர் சொன்னதை அவருக்குத் தமிழில் இரண்டு தரம் சொன்னேன்.

துணை அதிபர் பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். வதனியைப் பார்த்து, "கையெழுத்தைப் பற்றி எனக்கு இனிக் கேள்வி இல்லை. உன்னை நிறுத்தப் போவதும் இல்லை. ஆனால் காய்ச்சல் என்று எழுதியது பொய். அதற்கு நாளைக்கு மதியம் டிடென்ஷன். விளையாடப் போகாமல் வகுப்பில் இருக்க வேண்டும்" என்றார். என்னைப் பார்த்து, "காவலுக்கு நீங்கள்" என்றார். எனக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை என்று எனக்கு விளங்கியது. பிறகு பேனாவின் மூடியைத் திரும்பவும் கழற்றித் தகப்பனிடம் நீட்டினார். "இனி வரும் துண்டுகளை அவர் தன்னுடைய மொழியில் எழுதட்டும். அவருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்." இதைச் சந்தோஷமாக மொழிபெயர்த்தேன். தகப்பன் தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, தாளை அழுத்தி எழுதினார். துணை அதிபர் அதை ஏதோ பட்டயம்போல இரண்டு கையாலும் எடுத்துக் கோவையில் வைத்தார். அதற்குப் பிறகு துணை அதிபரை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் வெறும் வகுப்பறையில் நாங்கள் இரண்டு பேர். வெளியே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம். வதனி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பிழை விட்ட எந்தப் பெரியவரும் எங்கள் வீட்டில் பிள்ளையிடம் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கூடுதலாக ஒரு தோசை போடுவார்கள், அல்லது தலையைத் தடவுவார்கள். நான் எழுந்து போய் அவளுக்கு எதிரே அந்தச் சின்னக் கதிரையில் இருந்தேன்.

"வதனி, நான் முதலில உன்னட்டைக் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. பிழை என்ரதான். மன்னிச்சுக்கொள் பிள்ளை."

அவள் திகைத்துப்போனாள். தமிழா, மன்னிப்பா, எது அவளைத் திகைக்க வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்தாள், பின்னல் நுனியைப் பார்த்தாள். "பரவாயில்லை மிஸ்" என்றாள். பிறகு, "மிஸ், ஏழாம் பக்கம் இன்னும் இருக்கு. கொப்பியைத் தாறீங்களா?" என்றாள். இனி அதை நிரப்பத் தேவையில்லை என்றேன். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள், நான் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஆசிரியர் அறைக்குப் போனேன். கணக்கு ரீச்சர் நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்றார். "இல்லை" என்றேன். தன் பெட்டியில் மீதியிருந்ததை என் பக்கம் தள்ளிவிட்டார்.

தாயும் தங்கச்சியும் வந்து சேர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அவர்கள் வந்த கிழமை வதனியின் தகப்பன் பாடசாலை வாசலில் ஒரு பெட்டி நிறைய, தன் பேக்கரியில் சுட்ட பணிஸோடு வந்து நின்றார், கையில் தமிழில் எழுதிய ஒரு துண்டு: மகள் நேற்று வராததற்குக் காரணம், விமானநிலையத்துக்குப் போனது. நான் வாசித்தேன், விசாரித்தேன், சிரித்துக்கொண்டே சுருக்கொப்பம் போட்டேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த டிடென்ஷனுக்கு அடுத்த திங்கட்கிழமை. காலையில் வகுப்புக்குள் போனபோது நீலக் கொப்பி என் மேசையில் இருந்தது. ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். மற்ற ஆறு பக்கமும் ஆங்கிலத்தில் எழுதியவள், இதைத் தமிழில் எழுதியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் என் ஒருத்தியால் மட்டும் வாசிக்கக்கூடிய மாதிரி.

"ஒரு பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரியவர்கள் அப்படிக் கேட்டு நான் முன்பு பார்த்ததில்லை. அவருடைய கை நடுங்கியது. பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுதான் நான் செய்த மரியாதை."

அதற்குக் கீழே, பெரியவர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். வதனி மூன்றாம் வரிசையில் பென்சில் பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். முப்பது பிள்ளைகளும் வரவு எடுக்கக் காத்திருந்தார்கள். நான் கையில் இருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். நீலப் பேனாவை எடுத்து, சுருக்கொப்பமாக இல்லாமல் என் முழுப்பெயரையும் தமிழில் எழுதி, அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.